ஞாயிறாக எண்ணிய வியாழன்

கிட்ட வாருங்கள், கண்மணிகளே. கதவோரத்தில் காற்று அடிக்கிறது, அங்கே நிற்க வேண்டாம். நெருப்பு எல்லாருக்கும் போதும். உங்களுக்கு ஒரு தாயின் கதை சொல்லப்போகிறேன். ஒரு வருடத்து நாட்காட்டி முழுவதையும் பார்த்துப் பார்த்து ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தாள் அவள். அந்த நாள் அவளைக் கைவிட்டது. அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் கதை.

லீட்ரிம் மலையடியில், கேரிக் ரயில் நிலையத்திலிருந்து எட்டு மைல் உள்ளே, டீலியா மெக்வீனி இருந்தாள். கணவன் ஜேம்ஸிக்கு மலைமேல் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. நான்கு பசு, ஒரு கழுதை, சதுப்பில் ஒரு துண்டு நிலம். பிள்ளைகள் மூன்று. ஆனால் வீட்டில் இருந்தது இரண்டுதான். மூத்தவனுக்கு ஒன்பது வயது. கடைக்குட்டிக்குப் பதினோரு மாதம். நடுவில் பிறந்த ரோசலினுக்கு இடுப்பெலும்பில் காசநோய் என்றார்கள். மூன்று வயது தாண்டி சில மாதங்களே ஆகியிருந்தன. தலைநகர் டப்ளினுக்கு வெளியே, கடலோரத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்திய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம். இப்போது ஐம்பத்தைந்தாம் வருடமே முடியப்போகிறது. இருபத்தோரு மாதம்.

இந்த இருபத்தோரு மாதத்தில் டீலியா மகளைப் பார்த்தது ஒரே ஒரு முறை. போன வருடம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்குச் சாமியார் தன் காரில் அழைத்துப்போனார். அன்று ரோசலின் அம்மாவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. வாசல் தாண்டி, தோட்டம் தாண்டி, கார் கிளம்பும் வரைக்கும் அந்த அலறல் கேட்டது. பத்து நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் வருகைக்குப் பிறகு குழந்தை நான்கு நாள் சாப்பிடவில்லை, அவளுடைய நன்மையைக் கருதிச் சில காலம் வராமல் இருப்பது நல்லது என்று எழுதியிருந்தார்கள்.

டீலியா சொன்னபடி கேட்டாள். பெரியவர்கள் சொன்னால் கேட்கிறவள்தான். பிறகு வயிற்றில் கடைக்குட்டி, பிறகு பேறுகாலம், பிறகு அவன் கைக்குழந்தை. கடிதம் எழுதினால் பதில் வரும்: ரோசலின் நலம், ரோசலின் சமர்த்து, ரோசலின் எடை கூடியிருக்கிறாள்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் இதே மாதிரி மருத்துவமனையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வீடு திரும்பினான். வாசலில் நின்ற தாயைப் பார்த்து, "குட் ஈவினிங் மிஸஸ்" என்றானாம். தன் கட்டில் எந்த எண் என்று கேட்டானாம். கோயில் வாசலில் இதைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். டீலியாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்தவளுக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ரோசலினுக்கு என் முகம் ஞாபகம் இருக்குமா? இந்த ஒரு கேள்விதான் அன்றிலிருந்து அவளுக்கு. எப்படியாவது போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

எப்போது போவது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

பார்வை நேரம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி முதல் மூன்றரை வரை என்று அட்டையில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அந்தத் தடத்தில் ஞாயிறு காலையில் ரயில் கிடையாது. பங்குச் சாமியாரும் மாற்றலாகிப் போய்விட்டார். சனிக்கிழமையே போனால் இரண்டு இரவு வெளியே தங்க வேண்டும். சுரங்கம் சனிக்கிழமையும் உண்டு. விடுமுறை நாள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். முடியப்பர் நாள் கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. மார்ச்சில் பத்ரீசியார் நாளில் டப்ளினே கதவடைத்துக் கிடக்கும். ஈஸ்டர் திங்களில் பசுக்கள் கன்று போடும். பெந்தகோஸ்தே திங்களில் சதுப்பில் அடுப்பெரிக்கும் கரிமண் வெட்டு. ஆகஸ்ட் திங்களில் புல் அறுத்துக் காயவைக்கும் வேலை. மழை வருவதற்குள் குவித்தாக வேண்டும். அரசாங்கம் கொடுத்த விடுமுறையில் எல்லாம் ஒன்று இவர்கள் கை வேலையில் மாட்டியிருக்கும், இல்லாவிட்டால் நகரம் பூட்டிக் கிடக்கும்.

மிச்சம் இருந்தது டிசம்பர் எட்டு. அமலோற்பவ மாதா திருநாள். அது அரசாங்க விடுமுறை இல்லை, கோயில் கொடுத்த விடுமுறை. கடன் திருநாள் என்பதால் பூசை பார்த்தே ஆக வேண்டும், கைவேலை ஆகாது. பள்ளி கிடையாது, சுரங்கம் கிடையாது. டப்ளின் கடைகள் மட்டும் திறந்திருக்கும். அன்றைக்குத்தான் நாட்டுப்புறம் மொத்தமும் மலிவுக் கட்டண ரயிலில் ஏறி, கிறிஸ்துமஸ் சாமான் வாங்க டப்ளினுக்குப் போகும். காலையில் போய் இரவே திரும்பிவிடலாம்.

அந்த வருடம் எட்டாம் தேதி வியாழக்கிழமை.

ஒரு கடிதம் போட்டு, அன்றைக்கு வரலாமா என்று கேட்டுவிடச் சொன்னான் ஜேம்ஸி. டீலியா ஒத்துக்கொள்ளவில்லை. "கேட்டா வேண்டாம்னு எழுதுவாங்க ஜேம்ஸி. வாசல்ல போய் நின்னா வேண்டாம்னு சொல்ல மனசு வராது" என்றாள். அதோடு, கடன் திருநாள் என்றால் ஞாயிறு மாதிரிதானே. சின்ன வயதிலிருந்து பிரசங்கத்தில் கேட்டதுதான்: இந்த நாளை ஞாயிறைப் போலவே அனுசரியுங்கள். ஊரிலும் அப்படித்தான். ஞாயிற்றுச் சட்டை, ஞாயிற்றுச் சாப்பாடு, கடைக்குப் பாதிக் கதவு. மருத்துவமனையோ கன்னியாஸ்திரிகளுடையது. அவர்களை விடத் திருநாளை யார் அறிவார்கள்?

கைக்குழந்தையையும் மூத்தவனையும் மாமன் மனைவியிடம் விட்டார்கள். விடியும் முன்பே கழுதை வண்டி. கேரிக் நிலையத்தில் கூட்டம் பிதுங்கியது. அடுத்த வீட்டு ஜோசியும் வந்திருந்தாள். கணவன் இல்லாதவள், வருடம் முழுக்கக் கோழி வளர்த்து, எட்டாம் தேதி ஒரு நாள் டப்ளினில் ராணி மாதிரி நடப்பவள். ரயில் பெட்டியில் டீலியாவின் எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ஏன்டி, மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க? டப்ளின்காரங்க நம்மளப் பாத்துச் சிரிக்கிற நாளுடி இது. சிரிக்க ஏதாவது குடுக்கணும்ல. போன வருஷம் தெரு தாண்டப் பயந்து போலீஸ்காரர் கையைப் புடிச்சேன். அந்தப் பக்கம் போயும் விடலையே நான். மனுஷன் பாக்க நல்லாத்தான் இருந்தாரு."

பெட்டியே சிரித்தது. ஜேம்ஸிகூட ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டான். ஜோசி குரலைத் தாழ்த்தினாள்.

"பாக்க விடுவாங்கல்ல இன்னிக்கு?"

"கடன் திருநாள்தானே. ஞாயிறு மாதிரிதான்."

"நம்ம ஊர்ல" என்றாள் ஜோசி. பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, பையிலிருந்து ரொட்டியை எடுத்து எல்லாருக்கும் நீட்டினாள். டீலியா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

கூடுதல் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்த ரயில் டப்ளின் சேரும்போது மணி பன்னிரண்டேகால். நிலையத்தை ஒட்டிய கோயிலில் பன்னிரண்டரைக்குக் கடைசிப் பூசை. ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் அப்படியே கோயில் பக்கம் திரும்பியது. கடலோரம் போகும் பஸ்ஸும் பன்னிரண்டரைக்குத்தான். அதை விட்டால் இரண்டு மணிக்கு. இரண்டு மணி பஸ்ஸில் போனால் மூன்றே காலுக்குத்தான் சேரலாம். டீலியா கோயில் படியில் ஒரு நிமிடம் நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் பூசையைத் தவறவிட்டதில்லை. தவறவிட்டால் அது சின்னப் பாவம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். கூட்டத்துக்கு எதிராகத் திரும்பி நடந்தாள். ஜேம்ஸி தொப்பியைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே வந்தான்.

ஜோசி மட்டும் படியிலிருந்து கத்தினாள், ஐந்தரை மணிக்கு நகர நடுவிலிருக்கும் பெரிய தூணடியில் நிற்பேன் என்று.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மருத்துவமனை வாசலை அடைந்தார்கள். வேறு யாரும் இல்லை. ஞாயிறானால் அங்கே வரிசை நிற்கும் என்று டீலியாவுக்குத் தெரியும், போன வருடம் பார்த்திருக்கிறாள். காற்று மட்டும் கடலிலிருந்து வந்து கம்பிக் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. மணியை அடித்தார்கள். வந்தவர் மருத்துவமனையை நடத்தும் பெனிக்னா மதர். உயரமானவர், கண்ணாடி போட்டவர், கைகளை அங்கியின் உள்ளே மறைத்து வைத்திருப்பவர்.

டீலியா பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், மகள் பேரைச் சொன்னாள். மதர் முழுக்கக் கேட்டார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. பார்வை நாள் ஞாயிறு, அட்டையில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது என்றார். இன்று கடன் திருநாள் என்றாள் டீலியா.

"கடன் திருநாள் ஆண்டவருக்கு. விசிட்டர்களுக்கு ஞாயிறு."

ஜேம்ஸி நடுவில் புகுந்து, எட்டு மைல் வண்டி, நூறு மைல் ரயில் என்று சொல்லத் தொடங்கினான். மதர் தலையை மெல்ல ஆட்டினார். கெர்ரியிலிருந்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள், டோனகாலிலிருந்தும் இருக்கிறார்கள். ஒருவருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்க வேண்டும். எண்பது பிள்ளைகள். ஒவ்வொரு ஞாயிறும் பெற்றோர் போன பிறகு எண்பது பிள்ளைகளைத் தூங்கவைப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது என்றார். பிறகு கேட்டார், "பூசை பாத்தீங்களா இன்னிக்கு?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

மதருக்கு அது புரிந்துவிட்டது. மூன்று மணிக்கு இங்கே கோயிலில் நற்கருணை ஆசீர்வாதம் உண்டு, வெளியாரும் வரலாம், அதிலாவது கலந்துகொண்டு குழந்தைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒரு மணி நேரம் மதிலோரம் நின்றார்கள். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. "நான் எழுதிக் கேக்கச் சொன்னேன்" என்றான் ஜேம்ஸி, ஒரே ஒரு முறை.   நாட்காட்டி முழுக்க நாள் பார்த்து, எல்லா நாளையும் கழித்து, கடைசியில் பிடித்த நாள் இது. நம் ஊரில் ஞாயிறு. இங்கே வெறும் வியாழன்.

மூன்று மணிக்குக் கோயில் கதவு திறந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கன்னியாஸ்திரிகள் எல்லாரும் வரிசையாக வந்து முன் பெஞ்சுகளில் நிறைந்தார்கள். டீலியாவும் ஜேம்ஸியும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒரு சிறிய கதவு. அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து, லத்தீன் பாட்டின் இடைவெளிகளில், பிள்ளைகளின் சத்தம் கேட்டது. இருமல், சிரிப்பு, யாரோ ஒரு குட்டி கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டும் ஓசை. அதில் எது ரோசலின் என்று டீலியா காது கொடுத்துக் கேட்டாள். தெரியவில்லை. என் பிள்ளையின் சத்தம் எனக்கே தெரியவில்லை என்று நினைத்தாள்.

சாம்பிராணி எழுந்தது. சாமியார் நற்கருணைப் பாத்திரத்தை உயர்த்தினார். மணி அடித்தது. அத்தனை தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. டீலியா எழுந்தாள்.

ஜேம்ஸி தலையை நிமிர்த்தவில்லை. மண்டியிட்ட முழங்காலை மட்டும் ஒரு சாண் உள்ளே இழுத்து அவளுக்கு வழிவிட்டான்.

கதவுக்கு அப்பால் நீள நடை. கார்பாலிக் மருந்து வாடை. நடையின் முடிவில் கடலைப் பார்த்த நீண்ட தாழ்வாரம். சுவரே இல்லை, காற்று நேராக வந்தது. சிவப்புக் கம்பளிகள் போர்த்திய கட்டில்கள் வரிசையாக. வாளியும் துணியுமாக ஒரு வேலைக்காரப் பெண் நிமிர்ந்தாள். டீலியா பேரைச் சொன்னதும் அவள் கோயில் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"கடைசிக்கு முந்தின கட்டில். நானும் மேயோவிலேருந்து வந்த தூரத்துக்காரிதான் அக்கா, எனக்குத் தெரியும். பாட்டு முடியறதுக்குள்ள போயிடுங்க. நான் உங்களப் பாக்கல."

ரோசலின் இரும்புச் சட்டத்தில் மல்லாந்து கிடந்தாள். மார்பிலும் காலிலும் தோல்வார். தலையைத் திருப்ப முடியாத பிள்ளைகளுக்காகக் கட்டிலுக்கு மேல் ஒரு சிறு முகக்கண்ணாடி தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கண்ணாடிக்குள்தான் டீலியா முதலில் மகளைப் பார்த்தாள். கன்னம் உருண்டிருந்தது. முன்நெற்றி முடியை நேர்கோடாக வெட்டியிருந்தார்கள். கண்கள் மட்டும் ஜேம்ஸியின் கண்கள். அந்தக் கண்கள் கண்ணாடிக்குள் டீலியாவைப் பார்த்தன, பயப்படாமல், ஆசைப்படாமல்.

"யாரைப் பாக்க வந்திருக்கீங்க, மிஸஸ்?"

டப்ளின் பேச்சு. லீட்ரிம் இழுப்பு ஒரு துளி இல்லை.

இருபத்தோரு மாதமாக எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள் டீலியா.  "உன்னைத்தான்" என்றாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே."

"இல்லதான்."

"ஞாயித்துக்கிழமைதான் விசிட்டர் வருவாங்க. பௌலாவுக்கு அவங்க அப்பா வருவாரு. கார்மெல்லுக்கு ரெண்டு பேரு. எனக்குக் கிடையாது. எங்க வீடு ரொம்ப தூரம்."

"எவ்வளவு தூரம்?"

ரோசலின் யோசித்தாள். "ரயில் போய் நின்னுடும்ல. அதுக்கப்புறமும் போணும்."

"அங்க யாரெல்லாம் இருக்காங்க?"

"மம்மி இருக்காங்க. மம்மிக்கு இவ்ளோ நீளமா பின்னல் இருக்கும்." கையைத் தூக்கிக் காட்டப் பார்த்தாள். வார் விடவில்லை.

டீலியாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கடைக்குட்டி பிறந்த பிறகு முடி கொட்டோ கொட்டென்று கொட்டியது. வசந்த காலத்தில் ஒரு நாள் கத்தரிக்கோலை எடுத்துக் காதோடு வெட்டிவிட்டாள். அதைக் கடிதத்தில் எழுத யாருக்குத் தோன்றும்?

"நான் முடிய வெட்டிட்டேன் ரோசலின். நான்தான் மம்மி."

கண்ணாடிக்குள் அந்தக் கண்கள் அவள் முகத்தில் வெகுநேரம் நின்றன. நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தன. 

"அப்படியா" என்றாள் ரோசலின், மரியாதையாக. பெரியவர்கள் எதையாவது சொன்னால் நல்ல பிள்ளைகள் சொல்வது போல.

பாட்டு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று டீலியாவுக்குத் தெரியாது. பின்னால் ஜெபமாலை மணிகள் உரசும் ஓசை கேட்டுத் திரும்பினாள். பெனிக்னா மதர் நின்றிருந்தார். மேயோக்காரி வாளியோடு எங்கோ மறைந்துபோயிருந்தாள்.

மதர் டீலியாவின் முழங்கையைப் பிடித்து நடைக்கு அழைத்துவந்தார். ஆசீர்வாத வேளையில் எழுந்து வந்தீர்களே என்றார். அவளை அமைதிப்படுத்த எங்களுக்கு நான்கு மாதம் ஆனது, இப்போது மறுபடியும் ராத்திரி முழுக்க அழுதால் யார் மடியில் போட்டுக்கொள்வது, நீங்களா என்று கேட்டார். குரலில் கோபத்தை விடக் களைப்பு அதிகமாக இருந்தது.

"அவ அழலியே மதர்" என்றாள் டீலியா. "அன்னிக்கு என் காலரைப் புடிச்சுக்கிட்டு அழுதா. இன்னிக்கு அழல. என்னைக் கொல்றதே அதுதான்."

 மதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

அப்போது தாழ்வாரத்திலிருந்து அந்தச் சின்னக் குரல் கேட்டது. "மிஸஸ், ஞாயித்துக்கிழமை வருவீங்களா?"

டீலியா மதரைப் பார்த்தாள். மதர் வேறெங்கோ பார்த்தார்.

"வருவேன்" என்றாள் டீலியா, உரக்க, கட்டில் வரை கேட்கும்படி.

வெளியே ஜேம்ஸி தொப்பியைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தான். பார்த்தாயா என்று கேட்டான். பார்த்தேன் என்றாள். உன்னைத் தெரிந்ததா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவளுக்கும் சொல்ல வாய் வரவில்லை. பஸ் நிறுத்தம் வரை நடந்த பிறகுதான் சொன்னாள்.

"நான் வரல ஜேம்ஸி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கதான் இருக்கப்போறேன்."

"டிக்கெட் இன்னிக்கு மட்டும்தான்."

"தெரியும்."

"குட்டிப்பயல் உன்கிட்டதானே குடிக்கிறான்."

அதுவும் தெரியும் அவளுக்கு. மத்தியானத்திலிருந்தே மார்பு கனத்து வலித்துக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையிடம் போக இன்னொரு பிள்ளையைப் பட்டினி போட வேண்டியிருந்தது. பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்துத் தண்ணீர் கலந்து கரண்டியால் கொடு, முதல் நாள் துப்புவான், இரண்டாம் நாள் குடிப்பான் என்றாள். 

"அவகிட்ட வருவேன்னு சொல்லிட்டேன்" என்றாள். "யாரோ ஒரு மிஸஸ் சொல்லிட்டு வராமப் போனா பரவாயில்ல. நான் வராமப் போனா, அப்புறம் நான் அந்த யாரோ ஒரு மிஸஸ்தான்."

ஜேம்ஸி கடலைப் பார்த்தான். சுரங்கத்தில் குனிந்து குனிந்து வேலை செய்த முதுகு. நின்றாலும் முழுக்க நிமிராது. அவன் வாதாடுவான் என்று டீலியா எதிர்பார்த்தாள். வாதாடியிருந்தால் ஒருவேளை அவள் பஸ்ஸில் ஏறியிருப்பாள். அவனோ கிறிஸ்துமஸ் சாமானுக்கென்று கொண்டுவந்த பணத்தை அவள் கையில் திணித்தான்.

"திங்கட்கிழமை ரயிலுக்கு வண்டியோட நிப்பேன்" என்றான். பஸ்ஸில் ஏறும்போது, படியில் நின்றபடி, "டீலியாவுக்கு மயக்கம் வந்து ஆஸ்பத்திரில படுத்துட்டான்னு ஜோசிகிட்ட சொல்லட்டுமா? உண்மையச் சொன்னா ஊருக்கே சொல்லிடுவா" என்றான்.

"உண்மையவே சொல்லு. சொல்லட்டும்."

பஸ் போய்விட்டது. டீலியா தபால் ஆபீஸ் பின்னால் ஒரு விதவையின் வீட்டில் படுக்க இடம் பிடித்தாள். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் எப்படிப் போயின என்று நான் சொல்லி உங்கள் மனதைக் கலக்க வேண்டாம். பால் கட்டி மார்பு கல்லாயிற்று. விதவை வெந்நீரில் துணி நனைத்துக் கொடுத்தாள். பகலில் டீலியா கடற்சுவரோரம் நடப்பாள். தூரத்தில் தாழ்வாரம் தெரியும், சிவப்புக் கம்பளிகள் தெரியும். கடைசிக்கு முந்தினதை எண்ணிக் கண்டுபிடித்துவிட்டு, அதைப் பார்த்தபடியே நிற்பாள். ஊரில் இந்நேரம் கடைக்குட்டி கரண்டியைத் தட்டிவிட்டிருப்பான் என்று நினைப்பாள். கால்கள் ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பும். மறுபடி இந்தப் பக்கம் திரும்பும்.

ஞாயிறு காலை பூசை பார்த்தாள். தவறவிட்டதற்குச் சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனம் செய்திருந்தாள். சாமியார் எதற்காகத் தவறவிட்டாய் என்று கேட்டார். சொன்னாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, பரிகாரமாகச் சின்னதாக ஒரு ஜெபம் கொடுத்து அனுப்பினார்.

ஒன்றரை மணிக்கே வாசலில் நின்றாள், வரிசையில் முதல் ஆளாக. அவளுக்குப் பின்னால் ஐம்பது அறுபது பேர் சேர்ந்தார்கள். பயம் அவளுக்கு இன்னும் இருந்தது. அன்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்ததற்கு இன்று கதவடைப்பார்களோ? இரண்டு மணிக்குப் பெனிக்னா மதர் வந்து பூட்டைத் திறந்தார். டீலியாவின் முகத்தைப் பார்த்தார். கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

ரோசலின் கண்ணாடியில் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீலியாவின் முகம் கண்ணாடிக்குள் வந்ததும் பக்கத்துக் கட்டிலிடம் சொன்னாள்:

"கார்மெல், எனக்கும் வந்திருக்காங்க."

மம்மி என்று கூப்பிடவில்லை. அதை உங்களிடம் நான் ஒளிக்க மாட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. ஆனால் கேள்விகள் கேட்டாள். முடியை வெட்டினால் வலித்ததா? வெட்டின முடி எங்கே? கழுதைக்கு இன்னும் பேர் வைக்கவில்லையா? கழுதை ஒன்று இருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதைக் கேட்ட டீலியா சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்றாள். தம்பிக்கும் இடுப்பில் சட்டம் உண்டா என்று கேட்டாள் ரோசலின். இல்லை என்றதும், அப்படியானால் அவன் எப்படிப் படுப்பான் என்று ஆச்சரியப்பட்டாள். பேச்சின் நடுவே எப்போதோ டீலியாவின் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று இருவருக்கும் தெரியாது.

மூன்றேகாலுக்கு, "அடுத்த ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல டீலியாவால் முடியவில்லை. "வர முடியாது கண்ணு. தம்பி பசியோட இருக்கான். ஆனா வருவேன். எந்த நாள்னு முன்னாடியே மதருக்கு எழுதிக் கேட்டு, ஞாயித்துக்கிழமையாப் பாத்து வருவேன்."

மணி அடித்தது. தாழ்வாரம் முழுக்கத் தாய்மார்கள் எழுந்தார்கள். டீலியாவும் எழுந்தாள். அந்த இரண்டு விரல்கள் மட்டும் எழவில்லை. ரோசலினின் தாடை நடுங்கியது. உதடு கோணியது. பிறகு அழுதாள், சத்தமாக, லீட்ரிம் மலையில் பிறந்த பிள்ளை அழுவது போல, தொண்டை அடியிலிருந்து.

பெனிக்னா மதர் கட்டிலருகே வந்தார். டீலியாவைப் போகச் சொல்லவில்லை. குழந்தையின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, எல்லாத் தாய்மார்களும் போய் முடியும்வரை, கடைசி வரைக்கும், அவளை அங்கேயே நிற்கவிட்டார். பிறகுதான் விரல்களைப் பிரித்தார்கள். ஒவ்வொன்றாக.

வாசல் தாண்டியும் அந்த அழுகை கேட்டது. கடற்சுவர் வரை கேட்டது. எந்தத் தாய்க்கும் பிள்ளை அழுகிற சத்தம் இனிக்காது. டீலியா மெக்வீனி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அது ஓயும்வரை கேட்டாள். கேட்டு முடித்த பிறகே நடந்தாள்.

அவ்வளவுதான், கண்மணிகளே. நெருப்பைக் கொஞ்சம் தள்ளிவிட்டு எழுந்து போங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் உறங்கி எழட்டும். உங்கள் அடுப்பில் பால் பொங்கட்டும், தொட்டிலில் பசியழுகை நீளாதிருக்கட்டும். நீங்கள் நேசிக்கிறவரைத் தேடிப் போகும்போது, எந்த வாசலிலும் உங்களை நிறுத்தி, இன்றைக்கு என்ன கிழமை என்று யாரும் கேட்காதிருக்கட்டும்.